கவசம் யாருக்கு, ஆபத்து யாருக்கு: கொரோனாவின் முதல் ஆண்டில் இங்கிலாந்துப் பணியிடங்கள்

முன்களப் பணியாளர் என்றதும் தலை முதல் கால்வரை வெள்ளை உடை போர்த்திய மருத்துவர்தான் நம் கண்முன் வருகிறார். கொரோனா காலத்துச் செய்திப்படங்களும் சுவரொட்டிகளும் அப்படித்தான் காட்டின, மருத்துவர்கள் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்ததும் உண்மை. ஆனால் வேலை செய்யும் வயதில் அந்த நோய்க்குப் பலியானவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று ஒரு நாடு முறையாகக் கணக்கெடுத்தபோது பட்டியலின் மேல்பகுதியில் மருத்துவர்கள் இல்லை. காவலாளிகள், டாக்சி ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், பராமரிப்பு இல்லப் பணியாளர்கள், தொழிற்சாலைகளில் சரக்கு அடைப்பவர்கள், இவர்கள்தான் இருந்தார்கள். அந்தக் கணக்கு என்ன சொன்னது, ஆபத்து இருந்த இடத்துக்குப் பாதுகாப்பு ஏன் போய்ச் சேரவில்லை என்று இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இங்கிலாந்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே மரணத்தைப் பதியும்போது இறந்தவரின் தொழிலையும் எழுதுகிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் அந்தத் தகவலைத் தொழில்வாரியாகப் பிரித்து, முதல் அலை ஓய்வதற்கு முன்பே, 2020 மே 11 அன்று வெளியிட்டுவிட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு நின்றுவிடாமல், ஒரு லட்சம் ஓட்டுநர்களில் எத்தனை பேர், ஒரு லட்சம் செவிலியர்களில் எத்தனை பேர் என்று வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தார்கள். இப்படிப் பார்த்தால்தான் இரண்டு வேலைகளை ஒப்பிட முடியும். இன்னொரு காரணம், லண்டனில் வாழும் ஈழத்தமிழர்களில் பலருக்கு இந்தப் பட்டியல் அந்நியமானது இல்லை. பெட்ரோல் நிலையம், கடை, செக்யூரிட்டி, பஸ், பராமரிப்பு இல்லம் என்று நம் ஆட்கள் வேலை பார்க்கும் இடங்கள்தான் அதில் நிறைய.

முதல் கணக்கு

2020 ஏப்ரல் 20 வரை பதிவான மரணங்களை எடுத்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 20 முதல் 64 வயதுக்குள் கொரோனாவால் இறந்தவர்கள் 2,494 பேர். ஆண்களில் லட்சத்துக்கு 9.9, பெண்களில் லட்சத்துக்கு 5.2. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். ஆண் காவலாளிகளில் லட்சத்துக்கு 45.7. டாக்சி ஓட்டுநர்களில் 36.4, சமையல்காரர்களில் 35.9, பஸ் ஓட்டுநர்களில் 26.4, கடைப் பணியாளர்களில் 19.8. முதியோரையும் இயலாதோரையும் பார்த்துக்கொள்ளும் சமூகப் பராமரிப்புத் துறையில் ஆண்களுக்கு 23.4, பெண்களுக்கு 9.6. மருத்துவர், செவிலியர் உள்ளிட்ட மருத்துவத் துறையினரை ஒரே குழுவாக எடுத்தால் ஆண்களுக்கு 10.2, பெண்களுக்கு 4.8, அதாவது நாட்டின் சராசரியை ஒட்டியேதான் இருந்தது.

இதை வைத்து மருத்துவமனை வேலை ஆபத்தில்லாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆண்டு டிசம்பர் 28 வரையிலான கணக்கு 2021 ஜனவரியில் வந்தபோது படம் கொஞ்சம் மாறியிருந்தது. வேலை வயது ஆண்களின் சராசரி 31.4 ஆக உயர்ந்திருந்தது. ஆண் செவிலியர்களுக்கு 79.1, செவிலியர் உதவியாளர்களான ஆண்களுக்கு 87.2. இரண்டும் சராசரியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். குழுவாகச் சேர்த்துப் பார்க்கும்போது மூத்த சிறப்பு மருத்துவரும் வார்டில் படுக்கை விரிப்பவரும் ஒரே எண்ணுக்குள் கரைந்துபோகிறார்கள், பிரித்தால்தான் தெரிகிறது. அதே கணக்கில் டாக்சி ஓட்டுநர்களுக்கு 101.4, காவலாளிகளுக்கு 100.7, சமையல்காரர்களுக்கு 103.1, பஸ் ஓட்டுநர்களுக்கு 70.3. தொழிற்சாலையில் சரக்கு அடைப்பது, அடுக்குவது போன்ற வேலை செய்யும் ஆண்களுக்கு 143.2. ஆசிரியர் தொழிலில் ஆண்களுக்கு 18.4, சராசரியைவிடக் குறைவு. பள்ளிகள் பல மாதங்கள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூடிக்கிடந்ததையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைக்காரர்களின் எண் என்னை மிகவும் உலுக்கியது. அவர்கள் பொதுமக்களைச் சந்திப்பதே இல்லை. நோயாளியைத் தொடுவதில்லை, பயணச்சீட்டுக் கொடுப்பதில்லை. ஆனாலும் உணவு அடைக்கும் ஆலைகள் நின்றால் கடையில் சாமான் இருக்காது என்பதால் அவை நிற்கவில்லை. தோளோடு தோள் உரச வரிசையில் நின்று, இயந்திர இரைச்சலில் ஒருவருக்கொருவர் கத்திப் பேசி, ஒரே வேனில் ஏறி வீட்டுக்குப் போகும் வேலை அது. அந்த ஆண்டு மார்ச் 26 முதல் பத்து வாரம் வியாழக்கிழமை இரவுகளில் நாடே வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்குக் கைதட்டியபோது இவர்கள் யார் நினைவிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரே மருத்துவமனைக்குள்ளே

தொழில்களுக்கு இடையே உள்ள வேறுபாடு இருக்கட்டும், ஒரே கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்று பார்ப்பது இன்னும் தெளிவைத் தரும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2020 ஏப்ரல் 24, 25 தேதிகளில், காய்ச்சல் இருமல் எதுவும் இல்லாமல் வேலைக்கு வந்திருந்த ஐந்நூற்றுச் சொச்சம் ஊழியர்களைச் சோதித்தார்கள். ரத்தத்தில் கொரோனா ஆன்டிபாடி இருந்தால் அவருக்கு ஏற்கெனவே நோய் வந்துபோயிருக்கிறது என்று பொருள். மொத்தத்தில் 24.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஐசியூ ஊழியர்களில் 14.8 சதவீதம், அவசரப் பிரிவில் 13.3 சதவீதம். துப்புரவுப் பணியாளர்களில் 34.5 சதவீதம், பொது மருத்துவ வார்டுகளில் 30 சதவீதத்துக்கு மேல்.

துப்புரவுப் பிரிவில் சோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறியது, அதனால் அந்த 34.5-ஐ அச்சில் வார்த்த எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எண் போகும் திசை தெளிவாக இருக்கிறது, அதற்கான காரணங்களும் இன்று நன்றாகவே தெரியும்.

ஐசியூவுக்கு ஒரு நோயாளி வந்து சேர்வது பெரும்பாலும் நோய் தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் ஆன பிறகுதான். கொரோனா வைரஸ் அதிகமாக வெளியேறுவதோ அறிகுறி தொடங்கும் நாட்களை ஒட்டி. ஆக, மிக மோசமான நிலையில் கிடக்கும் நோயாளி மிக அதிகமாகப் பரப்புகிறவராக இருக்க வேண்டியதில்லை. வென்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சு மூடிய குழாய்க்குள் போய்வருகிறது. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு எஃப்எஃப்பி3 என்ற, முகத்தோடு இறுக ஒட்டும் வடிகட்டிக் கவசம். அறையின் காற்றும் மணிக்குப் பலமுறை மாற்றப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, பொது வார்டில் நோயாளி வந்த இரண்டாம் மூன்றாம் நாளில் படுத்து இருமிக்கொண்டிருக்கிறார். செவிலியர் அவரை நிமிர்த்தி உட்கார வைக்கிறார், துப்புரவு அம்மா கட்டிலின் கம்பியைத் துடைத்து, தலைமாட்டில் இருக்கும் குப்பைக் கூடையைக் கட்டி எடுக்கிறார். இருவர் முகத்திலும் இருப்பது காதோரம் இடைவெளி விட்ட சாதாரண நீல முகக்கவசம்.

இது யாரோ கவனக்குறைவாக விட்டதால் நடந்ததும் இல்லை, விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. 2020 மார்ச் 19 அன்று பிரிட்டன் கொரோனாவை 'உயர் விளைவுத் தொற்றுநோய்' பட்டியலிலிருந்து, அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு தேவைப்படும் நோய்களின் பட்டியலிலிருந்து, நீக்கியது. அதன்பின் நோயாளியின் தொண்டைக்குள் குழாய் செருகுவது போன்ற, நுண்துளிகளைக் கிளப்பும் என்று கருதப்பட்ட சிகிச்சைகளுக்கு மட்டும் எஃப்எஃப்பி3, மற்ற எல்லாவற்றுக்கும் சாதாரணக் கவசம் என்றானது. உலக சுகாதார நிறுவனம் மார்ச் 28 அன்று, கொரோனா காற்றில் பரவும் நோய் இல்லை என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. அந்த விதியின் அடிப்படையே பிறகு ஆட்டம் கண்டது. பிரிஸ்டலில் மயக்கவியல் மருத்துவர்கள் அறுவை அரங்கில் கருவி வைத்து அளந்தபோது, தொண்டையில் குழாய் செருகும்போது கிளம்பும் நுண்துளிகளைவிட ஒருவர் வாய்விட்டு இருமினால் கிளம்புவது மிக அதிகம் என்று தெரிந்தது. பூட்டிய அறையில் ஒருவர் சிகரெட் பிடித்தால் மூலையில் இருப்பவருக்கும் நாற்றம் வருவதைப் போலத்தான் இந்த வைரஸும் காற்றில் தங்கிப் பரவியது, இரண்டு மீட்டர் என்று தரையில் ஒட்டிய கோடு அதைத் தடுக்கவில்லை.

கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனை 2020 டிசம்பரில் கொரோனா வார்டுகளில் எல்லாருக்கும் எஃப்எஃப்பி3 கொடுத்தது. அதுவரை அந்த வார்டு ஊழியர்களுக்கு மற்ற வார்டு ஊழியர்களைவிடத் தொற்று மிக அதிகமாக இருந்தது. கவசம் மாறியதும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஒரு முகக்கவசத்தின் விலைதான் நடுவில் நின்றது என்று நினைக்கும்போது கோபம் வராமல் இல்லை. அன்றைக்குத் தட்டுப்பாடு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கையில் இருப்பதே கொஞ்சம் என்றால் யாருக்கு முதலில் என்று முடிவெடுக்கத்தான் வேண்டும். ஆனால் தட்டுப்பாடு என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல், சாதாரணக் கவசமே போதுமானது என்று ஊழியர்களிடம் சொன்னது தவறு. போதாது என்று தெரிந்திருந்தால் ஜன்னலையாவது திறந்து வைத்திருப்பார்கள், உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களை வேறு வார்டுக்காவது மாற்றியிருப்பார்கள்.

2020 ஏப்ரலில் மூன்று பேர் சேர்ந்து, அதுவரை ஊடகங்களில் வந்த மருத்துவத் துறை மரணங்களில் 106 பேரின் விவரங்களை அலசினார்கள். அதில் மயக்கவியல் மருத்துவர் ஒருவரும் இல்லை, ஐசியூ மருத்துவர் ஒருவரும் இல்லை. நோயாளியின் வாய்க்கு மிக அருகில் குனிந்து வேலை பார்க்கிறவர்கள் அவர்கள்தான். ஆபத்து என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட இடத்தில் பாதுகாப்பும் பயிற்சியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன, அவை வேலையும் செய்தன. அதே 106 பேரில் 63 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். மொத்த ஊழியர்களில் அவர்களுடைய பங்கு ஐந்தில் ஒன்றுதான்.

பஸ் ஓட்டுநரின் கண்ணாடி

லண்டனின் சிவப்புப் பஸ்ஸில் ஓட்டுநர் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். பயணிகள் பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு. அது நோய்க்காக வைத்தது இல்லை, குடித்துவிட்டுக் கை ஓங்குகிறவர்களிடமிருந்து காப்பாற்ற வைத்தது. பேச்சுக் கேட்க வேண்டும் என்பதற்காக, ஓட்டுநர் முகத்துக்கு நேரே அதில் சிறு துளைகள் இருக்கும். கிழக்கு லண்டனில் பஸ் ஓட்டும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் எனக்கு இதை விளக்கினார். “கண்ணாடி இருக்குத்தான் தம்பி. ஆனா அதில ஓட்டையும் இருக்கே. சனம் அந்த ஓட்டையில வாயை வச்சுத்தானே கதைக்கிறது. எந்த பஸ் எங்க போகுதெண்டு கேக்கிற கிழவிக்கு நான் எப்பிடித் தள்ளி நில்லுங்கோ எண்டு சொல்லுறது?”

பயணிகள் எல்லாரும் முன்வாசலில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியில் அட்டையைத் தட்ட வேண்டும். ஒரு நாளில் எத்தனை நூறு பேர் அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்று போயிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பயணிகளுக்கு முகக்கவசம் கட்டாயம் இல்லை. பொதுப் போக்குவரத்தில் அது கட்டாயமானது ஜூன் 15-ல்தான்.

ஏப்ரல் 20 அன்றுதான் லண்டன் முழுக்க நடுவாசல் வழியாக மட்டும் ஏறும் முறை வந்தது. முன்வாசல் மூடியதும் அட்டை தட்டும் கருவிக்கு யாரும் போக முடியாது, ஆகவே கட்டணமும் இல்லை. ஒரு ஓட்டுநரைப் பாதுகாக்க நிர்வாகம் உண்மையில் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது இதில் தெரிகிறது. கிருமிநாசினி பாட்டிலும் கைகழுவும் சுவரொட்டியும் மலிவு, அவை முதலில் வந்தன. வருமானத்தைத் தொடும் மாற்றம் கடைசியில் வந்தது. பிறகு துளைகளின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டினார்கள், ஓட்டுநரை ஒட்டிய இருக்கைகளை மூடினார்கள், வெளிக்காற்று மட்டும் வரும்படி குளிர்சாதனத்தை மாற்றினார்கள். மே மாதக் கடைசியில் இந்த வேலைகள் முடிந்த பஸ்களில் முன்வாசல் மறுபடி திறந்தது. ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை, எல்லாம் சில வாரங்களில் செய்துமுடித்த வேலை.

லண்டன் போக்குவரத்துக் கழகம் கேட்டுக்கொண்டதால் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சுகாதாரச் சமத்துவ நிறுவனம், சுகாதார ஏற்றத்தாழ்வுகளை ஆராய்வதில் பெயர்பெற்ற மைக்கேல் மார்மட் இயக்குநராக இருந்த நிறுவனம், இந்த மரணங்களை ஆராய்ந்தது. 2020 மார்ச் முதல் மே வரை, 20 முதல் 65 வயதுள்ள லண்டன் ஆண் பஸ் ஓட்டுநர்களின் இறப்பு விகிதம், அதே வயது ஆண்களின் நாட்டுச் சராசரியைப் போல 3.5 மடங்கு. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஊரடங்கு தொடங்கிய மார்ச் 23-க்கு முன்னரோ, அதையடுத்த பத்து நாட்களுக்குள்ளோ வேலையை நிறுத்தியவர்கள். ஆக, நோய் தொற்றியது ஊரடங்குக்கு முந்தைய நாட்களிலோ அதையொட்டியோதான். சீக்கிரம் ஊரடங்கு வந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்கும் என்று அந்த அறிக்கை நேராகவே எழுதியது. அதோடு, பல ஓட்டுநர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்ததையும், நோய் அதிகம் பரவிய பகுதிகளில் அவர்கள் குடியிருந்ததையும் சொன்னது.

டாக்சியில் இந்தத் தடுப்பும் இல்லை. மூடிய காருக்குள், ஒரு முழம் பின்னால், முகம் தெரியாத ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டு வருகிறார். காரை ஓட்டுகிறவர் யாருக்கும் ஊழியர் இல்லை, சொந்தத் தொழில் என்று கணக்கு. யாரிடம் போய்க் கவசம் கேட்பார்? காவலாளிகளின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடை வாசல், மருத்துவமனை வாசல், அலுவலக வரவேற்பறை என்று அவர்கள் நிற்கும் இடம் ஒருவருடையது, சம்பளம் தரும் ஒப்பந்தக்காரர் வேறொருவர், பாதுகாப்புக்கு இருவரில் யார் பொறுப்பு என்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

வீட்டிலிருக்க முடியாதவர்கள்

பெண்களைப் பொறுத்தவரை பெரிய எண் பராமரிப்புப் பணியாளர்களுடையது. 2020 டிசம்பர் 28 வரை பராமரிப்பு இல்லங்களிலும் வீடு வீடாகப் போயும் வேலை பார்த்த பெண்களில் 240 பேர், ஆண்களில் 107 பேர் இறந்தார்கள். விகிதம் பெண்களில் 47.1, ஆண்களில் 109.9. பெண்களின் பொதுச் சராசரி 16.8.

இங்கே நோய் உள்ளே வந்த வழியே வேறு. மார்ச் 17 அன்று, மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு போனது. ஏப்ரல் 15 வரை சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், அனைவருக்கும் பரிசோதனை செய்யும் ஏற்பாடு அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கொள்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அறிகுறி இல்லாதவர்களிடமிருந்தும் நோய் பரவக்கூடும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதற்காக. ஒரு முதியவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, உடை மாற்றி விடுகிறவரிடம் இரண்டு மீட்டர் தள்ளி நில் என்று சொல்வதில் பொருளே இல்லை. கையால் தொடுவதுதான் அந்த வேலை.

இதில் காசு எப்படி நுழைகிறது என்று பார்க்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் வீட்டிலிருந்தால் சட்டப்படி கிடைக்கும் நோய்க்கால ஊதியம் 2020 ஏப்ரலில் வாரத்துக்கு 95.85 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 9,000 இந்திய ரூபாய். லண்டனில் ஒரு அறை வாடகைக்கே அது காணாது. வாரம் 120 பவுண்டுக்குக் கீழே சம்பாதித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. இரண்டு மூன்று இடங்களில் சில மணி நேரம் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் ஒரு பெண், ஒவ்வோர் இடத்திலும் அந்த வரம்புக்குக் கீழேயே இருக்க முடியும். தொண்டை கரகரத்தால் அவர் என்ன செய்வார்? பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் சோறு பொங்க வேண்டும்.

இது ஊகம் இல்லை. விவால்டி என்ற பெயரில் இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஆய்வு, ஊழியர்களுக்கு நோய்க்கால ஊதியம் கொடுத்த இல்லங்களில் அங்கே வாழ்ந்த முதியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்ததைக் காட்டியது. ஏஜென்சி மூலம் இடம் மாறி மாறி வரும் ஆட்களை அதிகம் பயன்படுத்திய இல்லங்களில் தொற்று கூடுதலாக இருந்தது. குறைந்த வருமானக்காரர் தனிமைப்படுத்திக்கொண்டால் 500 பவுண்டு தருகிறோம் என்று அரசு தொடங்கியது செப்டம்பர் 28-ல், முதல் அலை முடிந்து எத்தனையோ வாரம் கழித்து.

வேலையா, வாழ்க்கையா

இந்த எண்களுக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தாண்டிப் போகக் கூடாது. டாக்சி ஓட்டுநர் இறந்தது டாக்சி ஓட்டியதாலா, அல்லது அவர் லண்டனில், நெரிசலான வீட்டில், மூன்று தலைமுறையோடு வாழ்ந்ததாலா? இங்கிலாந்தில் 40 முதல் 64 வயதுக்குட்பட்ட 1.43 கோடிப் பேரின் தரவை இணைத்துப் பார்த்த ஓர் ஆய்வு இதைத்தான் கேட்டது. வசிக்கும் இடம், இனம், படிப்பு, வீட்டு நிலை, ஏற்கெனவே உள்ள நோய்கள் எல்லாவற்றையும் சரிசெய்தால், தொழில்களுக்கு இடையே தெரிந்த வித்தியாசத்தில் 70 முதல் 80 சதவீதம் அவற்றாலேயே விளங்கிவிடுகிறது என்று கண்டது. சில தொழில்களில் மட்டும் அதற்குப் பிறகும் ஆபத்து தூக்கலாகவே இருந்தது.

நேர்மையான ஆய்வு, எண்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிலிருந்து, வேலைக்கும் மரணத்துக்கும் பெரிய தொடர்பில்லை என்று சிலர் எடுத்துக்கொண்டார்களே, அங்கேதான் ஒத்துப்போக முடியவில்லை. நெரிசலான வீடு எங்கிருந்து வந்தது? சம்பளத்திலிருந்து வந்தது. பஸ் பணிமனைக்கு விடியற்காலை நாலு மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அதற்குப் பக்கத்தில்தான் குடியிருக்க முடியும். பதினாறு வருடம் உட்கார்ந்தே, ஷிப்ட் மாறி மாறி, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டு வண்டி ஓட்டியவருக்கு ரத்த அழுத்தம் வந்தால் அதை வேலைக்கு வெளியே நின்ற நோய் என்று எப்படிக் கழித்துவிடுவது? புள்ளியியலில் அப்படிக் கழிப்பதற்கு ஒரு தேவை இருக்கிறது, எது எதனால் என்று பிரித்தறிய வேண்டும். ஆனால் ஒரு மனிதரின் ஆபத்தை அளக்கும்போது அவர் வேலை அவருக்குக் கொடுத்த வீட்டையும் உடம்பையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

தொற்றையும் மரணத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதும் முக்கியம். 2020 கோடையில் இங்கிலாந்து முழுக்க நடந்த ஆன்டிபாடி கணக்கெடுப்பில் பொதுமக்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் தொற்று வந்துபோயிருந்தது. நோயாளிகளை நேரில் பார்க்கும் மருத்துவப் பணியாளர்களில் 11.7 சதவீதம், பராமரிப்பு இல்லப் பணியாளர்களில் 16.5 சதவீதம். மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்று இரட்டிப்பாக வந்தது, ஆனால் முதல் கணக்கில் அவர்களின் இறப்பு விகிதம் சராசரியளவுதான். மற்ற ஆபத்துகள் குறைவாக இருந்ததும், உடம்பு சரியில்லை என்றால் சம்பளத்தோடு நிற்க முடிந்ததும், அறிகுறியைச் சீக்கிரம் கண்டுகொண்டதும் அவர்களுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதே வசதிகள் ஒரு காவலாளிக்கும் இருந்திருந்தால் அவருடைய எண் 45.7-ல் போய் நின்றிருக்குமா என்பது என் கேள்வி.

அப்படியானால் ஒரு வேலையின் ஆபத்தை எப்படி எடைபோடுவது? ஒரே காற்றை எத்தனை பேரோடு, எவ்வளவு நேரம் பகிர்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். அடுத்து, எதிரே இருப்பவர் நோயின் எந்த நாளில் இருக்கிறார், தள்ளி நிற்க இந்த வேலை இடம் கொடுக்கிறதா என்று. கடைசியாக, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமாக, உடம்பு சரியில்லை என்று அவர் நாளைக்கு வேலைக்கு வராவிட்டால் அந்த மாதம் வாடகை கட்ட முடியுமா என்று. கவசம் கொடுப்பது இதற்கெல்லாம் பிறகு வருகிற வேலை. முன்வாசலை மூடுவதும், காற்றை மாற்றுவதும், ஆளை வேறு இடத்தில் போடுவதும் கவசத்துக்கு முன்னே செய்ய வேண்டியவை என்று தொழிலகப் பாதுகாப்புப் பாடப்புத்தகங்கள் பல காலமாகச் சொல்லி வருகின்றன.

இறந்த பிறகு

உயிரோடு இருந்தபோது பாதுகாப்பு எந்த வரிசையில் போனதோ, ஏறக்குறைய அதே வரிசையில்தான் இறந்த பிறகு இழப்பீடும் போனது. மருத்துவத் துறையிலும் சமூகப் பராமரிப்பிலும் பணியில் இருந்து கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 60,000 பவுண்டு என்று 2020 ஏப்ரல் 27-ல் அறிவித்தார்கள். பஸ் ஓட்டுநருக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து இறந்தவரின் குடும்பம் நாட்டில் நிரந்தரமாகத் தங்கலாம் என்ற சலுகை, தொடக்கத்தில் மருத்துவர், செவிலியர் போன்றோருக்கு மட்டுமே இருந்தது. துப்புரவுப் பணியாளர்களையும், நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர்களையும், பராமரிப்பு இல்லக்காரர்களையும் அதில் சேர்க்கவில்லை. ஊரே எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு மே 20-ல் சேர்த்தார்கள்.

வேலையால் வந்த நோய் என்று சட்டம் ஒப்புக்கொண்டால்தான் பிரிட்டனில் தொழில் விபத்து உதவித்தொகை கேட்க முடியும். அதற்கு ஆலோசனை சொல்லும் குழு 2022 நவம்பரில், கொரோனாவுக்குப் பின் நுரையீரலும் இதயமும் பாதிக்கப்படுவது உள்ளிட்ட ஐந்து சிக்கல்களை, சட்டம் ஒப்புக்கொள்ளும் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நோயாளிகளுக்கு அருகில் வேலை பார்த்த மருத்துவ, சமூகப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு மட்டும் அந்தப் பரிந்துரை. அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான், அதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் டாக்சிக்காரர், காவலாளி, சமையல்காரர், சரக்கு அடைத்தவர், பஸ் ஓட்டுநர் ஆகியோரின் எண்களை வெளியிட்டதும் அதே அரசின் புள்ளியியல் அலுவலகம்தான், அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே. அந்த அட்டவணையை மேசையில் வைத்துக்கொண்டு, அவர்களையும் அதே பரிந்துரையில் சேர்த்திருக்க வேண்டும்.